கேள்வி ஒன்பது

"கடந்த இருபது ஆண்டுகளில் நீங்கள் பிரதானமாகக்
குடித்துவந்த கிணறு எது?"
ஒரு கோடு விட்டிருந்தேன்,
ஒரு கிணற்றின் பெயர் எழுதும் நீளத்துக்கு.
நெறிமுறைக் குழு ஒன்றும் சொல்லவில்லை,
முத்திரை குத்தித் தந்தது.

அதுவரை எல்லாம் இலேசு.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில்
பரபின் கட்டிகள் சப்பாத்துப் பெட்டிகளில் கிடந்தன.
றெஜினோல்ட் அண்ணை ஐசில் வைத்துக் குளிரவிட்டு
மூன்று மைக்ரோன் தடிப்பில் சீவுவார்.
சிறுநீரகத்தின் துணுக்கு
இளஞ்சூட்டு நீரில் சுருக்கம் விரித்து மிதக்கும்.
கரண்ட் நின்றால் நீர் ஆறிவிடும்.
வாய்வரை வந்த தூஷணத்தை
என்னைப் பார்த்துப் பாதியில் விழுங்குவார் அண்ணை.

ஊதா, பிறகு ரோஸ். சாயத்தில் என் நகங்களும்.
நுணுக்குக்காட்டிக்குள் கலன்கோளங்களை எண்ணினேன்.
வேலை செய்வது நூல்பந்து.
செத்தது, வழித்துவிட்ட மாதிரி ஒரு வெறும் வட்டம்.
பதினொன்றில் ஏழு செத்தது.
ஒன்பதில் எட்டு.
இலக்கம் இருபத்தேழு: பதின்மூன்றில் பன்னிரண்டு.
மிஞ்சிய ஒன்று வெட்டின் ஓரத்தில்
பாதி அறுந்து நின்றது. அதை எண்ணுவதா என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

இருபத்தேழுக்கு உருத்திரபுரத்தில் ஒரு வீடு இருந்தது.
முத்துக்கருப்பன், அறுபத்தொரு வயது.
இடக்கையில் இரத்தம் சுத்திகரிக்கப் போட்ட தடம்
தோலுக்குக் கீழே மண்புழுவாய்த் தடித்திருந்தது.
மனைவி தேத்தண்ணி தந்தார்.
புளோரைட்டின் அளவு நினைவுக்கு வர,
சீனி போதுமா என்று அவர் கேட்க,
குடித்துவிட்டேன்.

"எந்தக் கிணறெண்டா கேக்கிறீங்க?"
விரலை மடக்கத் தொடங்கினார்.
வீட்டுக் கிணறு. தருமபுரத்தில மச்சான்ர கிணறு.
விசுவமட்டில பள்ளிக்கூடக் கிணறு, வரிசையில நிண்டு.
சுதந்திரபுரம், ஆரோ ஒருத்தற்ற தோட்டம்.
இரணைப்பாலையில மூண்டு, இல்ல, நாலு.
கோடு முடிந்தது. ஓரத்தில் ஏறி எழுதினேன்.
தாளைத் திருப்பினேன்.
"மாத்தளன்ல கிணறில்ல.
மணல்ல முழங்கை ஆழம் தோண்டினா ஊறும், உவரா.
அதையும் கிணறெண்டு எழுதுவீங்களா?"
பேனை நின்றது.
பிறகு முகாம், பவுசர்.
பிறகு திரும்பி வந்து, வீட்டுக் கிணற்றை
நாலு தரம் இறைத்தது. என்ன கிடந்தது என்று
நான் கேட்கவில்லை, அப்படி ஒரு கேள்வி
படிவத்தில் இல்லை.

"தரவு பூரணமில்லை, விலக்கிவிடுங்கள்,"
என்றார் கலாநிதி அனோஜிதா, திரையைப் பார்த்தபடி.
சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.
குடிக்காமல் மூடினார்.

நாற்பத்தேழில் பதினாறு போக முப்பத்தொன்று.
முப்பத்தொருவரும் ஒரே கிணற்றில் குடித்தவர்கள்,
ஓடாதவர்கள், அல்லது ஓட வேண்டியிராதவர்கள்.
அவர்களை வைத்துப் பார்த்தால்
ஆழக் குழாய்க்கிணறு குற்றவாளி,
பி பெறுமானம் 0.03.
அவ்வளவு வடிவாக வந்ததில்
எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

விலக்கிய பதினாறு பேரின் கிணறுகளையும்
பின்னிணைப்பில் அட்டவணையாகப் போட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
கலாநிதி அந்தப் பக்கங்களில் திருத்தம் எதுவும் செய்யவில்லை,
ஓர் எழுத்துப்பிழையைத் தவிர: இரணைப்பாலைக்கு
நான் 'ப்' போட மறந்திருந்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளிப் பரீட்சகர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எழுபத்தொராம் வரி. நீர்மூலம்: மணற்குழி.
ஆழம்: முழங்கை. இது என்ன அலகு?"
"முழங்கை, சேர்."
"சென்ரிமீற்றரில்?"
அளந்திருக்கலாம். அவருடைய கையை
நான் அளக்கவில்லை.
மேசைமேல் என் கையை மடித்து ஊன்றிக் காட்டினேன்.
கொஞ்சநேரம் பார்த்தார்.
பென்சிலால் ஏதோ எழுதினார்.

பி பிளஸ்.
கட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றைக்கு
றெஜினோல்ட் அண்ணை லீவு.
இருபத்தேழை நானே பெட்டியில் வைத்தேன்,
இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில்.