பாண்டிருப்பு, 0.0 மில்லிமீற்றர்

பன்னிரண்டு திருகாணி என்று பெட்டியில் போட்டிருந்தது.
வந்தது பதினொன்று.
மற்றதைக் கல்முனையில் வாங்கிப் பூட்டினேன்.
தண்ணீர்த் தாங்கிக்கு மேலே இரண்டங்குலக் குழாய்,
உச்சியில் காற்றுக்கு மூன்று கிண்ணம், ஒரு வால்,
பக்கத்தில் மழைக்குப் புனல்,
கீழே வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல்
வெப்பமானிக்கு ஒரு வீடு.

முதல் ஐந்து நாள் அந்த வீடு
தகரக் கூரைக்குப் பக்கத்தில் இருந்தது.
நண்பகல் நாற்பத்தொன்று காட்டியது.
தகரத்துக்கு வந்த காய்ச்சலை
ஊருக்கு வந்ததாக எழுதிவிட்டேன்.
இடத்தை மாற்றினேன். எண்களை அழிக்கவில்லை.
பிறப்பு இறப்புப் பதிவில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு
அழிக்க வராது.
பிழையென்றால் சிவப்பு மையில் ஒரு கோடு,
கோட்டுக்கு அடியில் பிழை தெரியவேண்டும்,
பக்கத்தில் சின்னக் கையெழுத்து.

வடக்கைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.
இரும்புக் குழாயருகே கைத்தொலைபேசியின் திசைகாட்டி
குடித்தவன் மாதிரிச் சுழன்றது.
பங்குனி ஏழுவரை பொறுத்தேன்.
அன்று சூரியன் நேர்கிழக்கில் கடலைவிட்டு எழும்ப
அதற்கு முகம் வைத்து நின்றேன்.
இடக்கை நீண்ட பக்கம் வடக்கு.
அதுவரை வீசிய காற்றெல்லாம்
வேறொரு காற்றின் பெயரில் வீசியிருந்தது.

திரையில் திசைகள் பதினாறு, எல்லாம் ஆங்கில எழுத்து.
நான் மட்டை வெட்டி ஓரத்தில் ஒட்டினேன்:
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்.
"வறுத்ததா, அவித்ததா?" என்றான் மகன் வினோஜன்.

மூன்றாம் கிழமை மோட்டார் சைக்கிளில் இருவர். சீருடை இல்லை.
கமராவா, அன்ரெனாவா, யார் தந்தது?
பற்றுச்சீட்டைக் காட்டினேன். காற்றின் வேகத்தைக் காட்டினேன்.
வெளிக்கிடும்போது ஒருவன் திரும்பினான்:
ஞாயிறு தங்கச்சிக்குக் கலியாணம்,
மழை வருமா?

மருதமுனையிலிருந்து சபூறாவும் அதைத்தான் கேட்பாள்.
"நூலுக்குச் சாயம் போட்டிரிக்கன் புள்ள, காயுமா?"
எல்லோருக்கும் நாளை வேண்டும்.
என்னிடம் இருப்பது இப்போதும் நேற்றும்.
அழுத்தம் இறங்குது என்பேன், அவ்வளவுதான்.
அவள் நம்பி நூலை உள்ளே எடுப்பாள்.
வெயில் எறிக்கும்.
ஏசுவாள்.

பிறகு கார்த்திகை பதினொன்று.
பக்கத்தில் படுத்தவர் கதைப்பது கேட்காத மழை.
கிணறு நிரம்பி, உள்ளே விழுந்திருந்த வாளி
விளிம்புக்கு வந்து மிதந்தது.
விடிய நாலு மணிக்குத் திரையைப் பார்த்தேன்.
இன்றைய மழை: 0.0

வெளிச்சம் வந்ததும் ஏணி வைத்தேன்.
புனலுக்குக் கீழே ஒரு சிறு ஊஞ்சற்பலகை,
ஒரு பக்கம் நிறைந்தால் சாயும்,
சாய்ந்தால் ஓர் எண்.
அதன் கைக்கு அடியில்
கச்சான் வீசிய மாதங்களில்
குளவி மண் சுமந்து கட்டிய கூடு.
நல்ல உறுதியான வேலை.
பலகை ஒரே பக்கம் சாய்ந்தபடி நின்றது.
முழு இரவும் அதன்மேலால் வழிந்து போயிருக்கிறது.

முற்றத்துப் பெயின்ற் வாளியை அளந்து போடேன் என்றார் அவர்.
வாளியும் வழிந்துகொண்டுதான் இருந்தது.
நிரம்பிய வாளி எவ்வளவு என்று சொல்லாது,
இதற்குக் குறையாது என்று மட்டும் சொல்லும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.
கடல் வந்துபோன அந்தத் தை மாதம் முழுக்க
என் மேசைக்குப் பெயர்கள் வந்தன, உடல்கள் வரவில்லை.
அவர்களுக்கும் ஒரு நிரல் இருந்தது.
வெறுமையாய் விடவில்லை.

கொப்பியைத் திறந்தேன்.
நீல மையில் 0.0.
சிவப்பில் ஒரு கோடு. சின்னக் கையெழுத்து.
குறிப்பு: பெய்தது. அளவு தெரியாது. குளவி.

ஏழு மணிக்குச் சபூறா.
"ராவு எவ்வளவு பேஞ்ச புள்ள?"
முதன்முறை நேற்றைக் கேட்கிறாள்.
வாளிக்கு மேலே என்றேன்.