எழுத்துக்கு இரண்டு பிராங்க்

நகரசபைத் தீர்மானம் கைக்கு வந்துவிட்டது.
"நாவலாசிரியர் அன்செல்ம் வோத்ரேய்
இவ்வூரில் பிறந்தார்."
எழுத்துக்கு இரண்டு பிராங்க், புள்ளிக்குக் காசில்லை.
"மாபெரும்" என்ற சொல்லைப் பொருளாளர்
அடித்திருக்கிறார், செலவு கருதி.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சபை
அவன் புத்தகம் நூலகத்துக்குள் வரக் கூடாதென்று
ஒருமனதாகக் கை தூக்கியது.
பெயர்களைத்தான் மாற்றியிருந்தான்,
மூக்குகளை மாற்றவில்லை.
இருமல் மருந்தில் ஆற்றுத் தண்ணீர் கலக்கும் கடைக்காரர்
யாரென்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.
முஸ்யே தீக்ஸியே ஒரு மாதம்
கடைக்கதவைப் பாதிதான் திறந்தார்.
இப்போது கல்வெட்டுக் குழுவுக்கு அவரே தலைவர்.
செத்தவன் இரண்டாம் பாகம் எழுதமாட்டான்.

என் அப்பாவை ரொட்டிக்காரர் ஆக்கியிருந்தான்.
போகட்டும். புருவத்தில் படிந்த வெள்ளை
மாவானால் என்ன, கல்தூளானால் என்ன.
சாப்பாட்டு மேசையில் அவர் பேசாததை
ஒன்பது பக்கம் எழுதியிருந்தான்.
ஒரு சொல் கூடுதல் இல்லை.

அம்மா நூற்று நாற்பதாம் பக்கத்தில் வருகிறாள்.
பச்சைக் குடை, ஒரு கைப்பெட்டி,
மாலை ஐந்து நாற்பது வண்டி.
லிமோஜில் உப்பு வியாபாரி ஒருவன் காத்திருக்கிறான்.
(அப்படி ஒருவன் இருந்தானா என்று
நான் கேட்டதில்லை.)
ஏறுகிறாள். ஊர் பின்னால் போகிறது:
கோயில் கோபுரத்துச் சேவல், தோல் பதனிடும் கொட்டகை,
க்ரேஸ் ஆற்றில் யாரோ அலசும் போர்வை.
அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

அம்மா ஏறவில்லை.
எனக்கு அப்போது ஆறு வயது.
ஏழரை மணிக்குக் குடையைக் கதவோரம் சாய்த்தாள்.
அதில் வடிந்த தண்ணீர்
மேசைக்கால் வரை ஓடி வந்தது.
முட்டைக்கோஸ் சூப் வைத்தாள்.
உப்பு இல்லை என்றார் அப்பா.

ஐந்து நாற்பதுக்கும் ஏழரைக்கும் நடுவே
பிளாட்பார பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்ததை
ஒருவன்தான் பார்த்திருக்க முடியும்.
ஸ்டேஷன் மாஸ்டரின் பையன், பத்து வயது,
விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்தவன்.
அவன் பிறந்தது அந்த ஸ்டேஷன் மாடியில்தான்.
அங்கே கரி படியும் என்று
கல்லை நகரசபைச் சுவரில் பதிக்கிறார்கள்.

பாரீஸில் ஐந்தாம் மாடியில், வாடகை பாக்கியோடு,
பன்னிரண்டு வருஷம் இருந்தானாம்.
ஒரு பக்கத்துக்காக எட்டுப் பக்கம் அடித்து எழுதுவானாம்.
எந்த அடித்தலில் அவளை வண்டி ஏற்றினான்?
முதல் பிரதியில் பெஞ்சிலேயே விட்டிருப்பான்,
கண்ணால் கண்டது அதுதானே.
பிறகு ஏதோ ஒரு ராத்திரி,
மெழுகுவத்தி அடிமட்டத்துக்கு வந்த நேரம்,
மனசு கேட்காமல்.

நானும் அடித்துத்தான் பிழைக்கிறேன்.
கல்லில் அடித்ததை அடித்தெழுத முடியாது.

நேற்று அவன் பெயரின் கடைசி எழுத்தில் இருந்தேன்.
அம்மா காப்பி கொண்டு வந்தாள்.
யாருக்கு இந்தக் கல் என்றாள். சொன்னேன்.
"ஸ்டேஷன் பையனா? காது பெரிசா இருக்குமே."
அந்தப் புத்தகத்தை அவள் தொட்டதில்லை.
நாங்களும் அதைப் பற்றி
அவள் காதுபடப் பேசியதில்லை.

உளியைக் கீழே வைத்தேன்.
எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை:
அதில் நீ போய்விடுகிறாய், அம்மா.
லிமோஜுக்கு.

ஏப்ரன் நுனியால் கல்லைத் துடைத்தாள்,
தூசே இல்லாத ஓர் இடத்தில்,
வெகு நேரம்.
காப்பி ஆறிவிட்டது.

பிறகு கேட்டாள்:
"ஜன்னலோரம் இடம் கிடைத்ததா?"