எடை

இரட்டைக் கட்டில் விரிப்புக்கு நான்கு முனை.
நாங்கள் மூன்று பேர்.
நான்காவதை எவுத்தீக்கியோ பல்லால் கவ்விக்கொண்டார்,
முப்பது வருடம் லாரி ஓட்டியவர்,
அத்தனையும் கட்டிய பல்.
அப்படித்தான் அவன் வேனில் ஏறினான்.

சிமென்ட் கிடங்குக்காரன் சிகரெட்டைப் பற்றவைத்தபடி
"காவலுக்கு ஆகாது, குரைப்பதே இல்லை" என்றான்.
குரைக்க வேண்டிய தொண்டையில்
சங்கிலி சதைக்குள் போயிருந்ததை
மருத்துவர்தான் பிறகு கண்டார்.
ரோமத்தை மழித்தபோது
அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

லெயோனுக்கு வடக்கே
ரயில் நிற்காத நிலையம் ஒன்று,
அதற்குப் பின்னால் புகைவிடாத செங்கல் சூளை.
அதுதான் காப்பகம். சம்பளம் யாருக்கும் இல்லை.
செவ்வாயும் சனியும் என் முறை;
மற்ற நாட்களில் மருந்துக்கடையில்
மற்றவர்களின் இருமலுக்கு மருந்து எடுத்துத் தருகிறேன்.

பன்றி நிறுக்கும் தராசில் நிறுத்தோம்.
நாற்பத்தொன்று.
அவன் உயரத்துக்கு எண்பது இருக்க வேண்டும்.
"மீதி முப்பத்தொன்பதை யார் தின்றது?" என்றான் பிரெய்ஷோ.
யாரும் பதில் சொல்லவில்லை.
சுவரில் சாக்கட்டியால் எழுதினான்: 41.
பக்கத்தில் பெயர் எழுதவில்லை.
ஐம்பதைத் தொடும்வரை பெயர் கிடையாது எங்களிடம்.
தொடாமல் போனவர்களுக்கும்
முன்பெல்லாம் பெயர் வைத்திருந்தோம்.

பட்டினி வயிற்றைச் சோறும் கொல்லும்.
வெந்த கோழி, குழைந்த அரிசி,
கரண்டிக் கணக்கில், நாளைக்கு ஆறு வேளை.
தின்றுவிட்டுச் சுற்றுவான்.
முற்றம் முழுக்கத் திறந்து கிடக்க
நான்கு மீட்டர் வட்டத்திலேயே சுற்றுவான்;
கழற்றி எறிந்த சங்கிலி
இழுத்ததுபோல் திரும்புவான்.
புல் அந்த வட்டத்தில் செத்தது.

பிரெய்ஷோ ஒன்றும் பேசாமல்
சட்டியை வட்டத்துக்கு வெளியே வைத்தான்,
ஒரு சாண்.
மறுநாள் இன்னொரு சாண்.
ஒருநாள் அவன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு
பட்டினியாகவே படுத்தான்.
பிரெய்ஷோ சட்டியை அரைச் சாண் பின்னால் இழுத்தான்.
பிப்ரவரியில் சட்டி வேலியைத் தொட்டது.
தராசு ஐம்பத்திரண்டைத் தொட்டது.
மீகாஸ் என்று எழுதினோம்.
ரொட்டித் துணுக்குகள் என்று பொருள்.
அவ்வளவு பெரிய தலைக்கு.

குழாய் உறைந்திருந்த ஒரு காலை
நேலிடா வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
பின்னாலிருந்து வந்தான்.
முகரவில்லை, நக்கவில்லை.
அவள் தொடையில் தோளை வைத்து
அப்படியே சாய்ந்தான்,
மூட்டையை இறக்கி வைப்பதுபோல்
தன்னையே இறக்கி.
பள்ளிக்கூடச் சமையல்காரி அவள், மெலிந்தவள் அல்ல;
இருந்தும் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.
பனியில் கிடந்தபடி அவள் போட்ட சத்தத்தை
அழுகை என்று நினைத்து ஓடினேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் எழுதினார்:
நாய் தாக்குதல்.
நேலிடா மாவுக்கட்டுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டாள்.
"அடியுங்கள் அதை.
சாய்ந்தது என்று எழுதுங்கள்."
அப்படி ஒரு காரணம் கணினியில் இல்லையாம்.
கடைசியில் ஓரத்தில் கையால் எழுதித் தந்தார்.

அவனுக்கு ஐந்து வயது.
பெரிய நாய்களின் பொழுதில் அது பிற்பகல்.
அதனால்தான் கேட்டு வந்தவர்களை நாங்கள்
அதிகம் காக்க வைக்கவில்லை.
மலைக்கு அப்பால் தேனீ வளர்க்கும் கித்தேரியா,
கரடி வரும் ஊர்.
"காவலுக்கா?" என்றார் எவுத்தீக்கியோ, குரல் தடித்து.
"இல்லை. கணவர் போனபின் கட்டில் அடி சில்லென்றிருக்கிறது."
"கரடி வந்தால்?"
"வந்தால் அதன்மேலும் சாயட்டும்."

போகும் நாளில் தராசில் நிற்க மாட்டேன் என்றான்.
நேலிடா ஏறினாள், அவனும் ஏறினான்.
இருவரும் சேர்ந்து நூற்று ஐம்பத்தெட்டு.
"உன் எடையைச் சொல், கழித்துக்கொள்கிறேன்" என்றான் பிரெய்ஷோ.
அவள் சொல்லவில்லை.
இன்றுவரை சொல்லவில்லை.

அதனால் சுவரில் மீகாஸுக்கு எதிரே
கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.
அதற்குக் கீழே
வியாழக்கிழமை வந்த டேன் பெட்டை:
36.