பகலுணவுக்காக ஒத்திவைப்பு

டன்ஹோம் ஷயர்
நூற்று முப்பத்தோரு வருஷம் இருந்தது.
இப்போது இருபத்தெட்டு அட்டைப்பெட்டிகளில்
என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

பக்கத்துக்கு ஒரு சொடுக்கு.
ஸ்கேனரின் வெளிச்சம்
விம்மேராச் சமவெளியில் ஒற்றைக் கார் போல
அவசரமில்லாமல் போகிறது
துருவேறிய மையின் மேல்.

1863, முதல் புத்தகம்:
சங்கிலி பிடித்து அளந்தவர்களுக்குக் கூலி, நான்கு பவுண்டு.
அளப்பதற்கு முன்பே அங்கே நடந்தவர்களுக்கு
ஒரே வரி:
"போர்வை, ஆறு."
பெயர் எழுதக் கட்டம் போடவில்லை.

அப்புறம் முயல். பக்கம் பக்கமாய் முயல்.
காதைக் கொண்டுவந்தால் காசு.
எவனோ ஒரு முயலை
இரண்டு முயலாக்கிவிட்டான் போல.
அடுத்த மாதத் தீர்மானம்:
"இனி இரண்டு காதும் ஒரே தோலில் ஒட்டியிருக்க வேண்டும்."
தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

1931. வரி பாக்கி மட்டும் பதினேழு பக்கம்.
கிளார்க் மெர்வின் டிரெலோர்
எல்லாவற்றையும் மையில் எழுதுகிறவர்,
இந்தப் பெயர்களைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்.
மையில் ஏறினால் நிலம் ஏலத்துக்குப் போகும்.
பென்சில் என்றால்
மழை வரும்வரை பொறுக்கும்.

கிரேடர் ஓட்டிய நொய்மன் மீது 1958-இல் ஒரு புகார்:
எல்லைக்கல் வந்ததும் அலகைத் தூக்கிவிடுகிறாராம்,
ஒரு முழம் கூடுதலாய்ச் செதுக்க மாட்டாராம்.
அவர் பதிலும் இருக்கிறது:
"அந்தப் பக்கத்துக் குழி
அந்தப் பக்கத்தாருடையது."

1994. மெல்போர்னிலிருந்து கடிதம்.
மூன்று ஷயர் இனி ஒன்று.
நொய்மனின் எல்லைக்கல்லுக்கு
இரண்டு பக்கமும் ஒரே பக்கம்.

கடைசிக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.
மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் யாருக்கு?
கால்பந்துக் கிளப்புக்கா, தீயணைப்புக் கொட்டகைக்கா?
ஒன்றரை மணிநேரம்.
ஓட்டு நாலுக்கு நாலு.
தலைவி கிளெனிஸ் போல்னர்
தன் ஓட்டைப் போடவில்லை.
"மணி 12.40. பகலுணவுக்காகக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

அதற்குப் பிறகு நாற்பத்தோரு பக்கம் வெள்ளை.
வெள்ளையையும் ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.
செய்தேன்.
ஓரிடத்தில் கோப்பை வைத்த வட்டம்.
கலைந்தது என்று எங்கும் எழுதவில்லை.

"முடிந்த தேதி" கேட்கிறது கணினி.
காலியாக விட்டால் அடுத்த பெட்டிக்குப் போக விடாது.
அரசிதழைப் பார்த்து
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுத்தேன்.

பெட்டியின் மூடியில் மட்டும்
பென்சிலால்:
சாப்பிடப் போயிருக்கிறார்கள்.