அட்டை எண் 63

ஏழு வீடு. பதினோரு வருசம்.
மூலனூருக்கு இந்தப் பக்கம் நாலு,
அமராவதி தாண்டி மூணு.
எல்லாமே காட்டுக்குள் ஒற்றைச் சாளை,
எல்லாமே நடுச்சாமம் கழிந்து.

மோப்ப நாய் வந்தது. கிளுவை வேலி வரை ஓடி
உட்கார்ந்துகொண்டது.
டவர் கணக்கு எடுத்தார்கள்.
வடநாட்டுப் பையன்கள் நாற்பது பேரை
மில் வேனோடு கூட்டிப்போய்
நாலாம் நாள் இறக்கிவிட்டார்கள்.
மூன்று டிஎஸ்பி மாறினார்கள்.
நாங்கள் கதவுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் அடித்தோம்.

ஏட்டு மகுடீஸ்வரி வந்தது தனியாக, ஸ்கூட்டியில்.
சாயங்காலப் பால் எடுத்து முடித்து
சொசைட்டி வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்தேன்.
"பழைய நோட்டு வேணுமுங்க."
போன மாசத்ததா?
"பதினோரு வருசத்தது."

மேசையில் ஏழு போட்டோ வைத்தாள்.
நான் முகத்தைத் திருப்பினேன்.
"ஆளைப் பாக்காதீங்க, மாட்டைப் பாருங்க."
ஒவ்வொன்றிலும், ஓரத்தில், கட்டுத்தரையில்
ஒரு மாடு படுத்து அசைபோடுகிறது.
"பொணத்தைப் பாத்தது மத்தியானம்.
எங்கூட்டு மாடு ஏழு மணிக்குக் கறக்கலீன்னா
ஊரையே கூப்புடும்.
இதுக ஏன் கத்தலீங்க?"

அவள் தேதி சொன்னாள், நான் விரலை ஓட்டினேன்.
பச்சை மை. என் கையெழுத்து.
முதல் தேதி, பாவாயக்கா வீடு.
அவள் அட்டை 18. அதற்கு நேரே
பால் வரவில்லை என்று கோடு போட்டிருந்தேன்.
கீழே இறங்கி, 63.
வழக்கமாய் நாலேகால் லிட்டர்.
அன்றைக்கு ஆறே முக்கால்.
கொழுப்பும் கூட.
இரண்டாவது தேதி. மறுபடி 63.
மூன்றாவது நோட்டைக் கரையான் தின்றிருந்தது.
நாலாவதில் அவள் விரல்
என் விரலுக்கு முன்னே போய் நின்றது.

63 என்றால் ராக்கியண்ணன்.
சினை ஊசி போடும் ராக்கியண்ணன்.
பத்தூர்க் கட்டுத்தரை பழகிய கை,
எந்த மாடும் அவனை உதைக்காது.
என் செவலைக்கும் அவன்தான் போட்டான்,
மீதிச் சில்லறையை எண்ணித் தந்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஐந்தரைக்குப் பால் வரிசையில்
போசியோடு நின்றிருந்தான்.
மப்டியில் நாலு பேர் பக்கத்தில் வந்தார்கள்.
"ஊத்திட்டு வர்றேனுங்க" என்றான்.
மகுடீஸ்வரி தலையசைத்தாள்.
அளந்தேன். நாலு லிட்டர் நூறு மில்லி.
எழுதவும் செய்தேன்.

நகைக்குத்தான் என்று ஒத்துக்கொண்டானாம்.
பாலை ஏன் கறந்தாய் என்று கேட்டதற்குத்தான்
அவனுக்குக் கோபம் வந்ததாம்.
"கறக்காம உட்டா மடி கட்டிக்குமுங்க.
வாயில்லாச் சீவனுங்க அது."

தாராபுரம் கோர்ட்டில் நான் பதினெட்டாம் சாட்சி.
கையெழுத்து உங்களுடையதா? ஆமாங்க.
அந்த அதிகப்படிப் பாலுக்குப் பணம் கொடுத்தது யார்?
நானுங்க.
எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
பாவாயக்கா மாட்டுப் பால் இரண்டரை லிட்டர்,
பத்தொன்பது அறுபது வீதம்
நாற்பத்தொன்பது ரூபாய்ங்க, என்றேன்.

டைப் சத்தம் நின்றது.
இறங்கலாம் என்று
இரண்டு தடவை சொன்னார்களாம்.