ஐஸ் கம்பெனிச் சுவர்

கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனி வடக்குச் சுவரில்
பன்னிரண்டு வருஷம் முன்பு நான்தான் எழுதினேன்:
'இங்கே அசுத்தம் செய்யாதே. மீறினால் தண்டனை.'
சிவப்பு எனாமல், முழ உயர எழுத்து,
யாரும் சுரண்டாதபடி ஏணி வைத்து.
கூலி நானூறு. பாதி இன்னும் பாக்கி.

படகுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
எண்ணில் பிழை வராது, எழுத்தில் வரும்.
தண்டனைக்கு மூன்று சுழி போடவேண்டிய இடத்தில்
இரண்டு சுழியோடு இறங்கிவிட்டேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
படித்தவர்கள் அங்கே நிற்கவில்லை,
நின்றவர்கள் படிக்கவில்லை.

இந்த வருஷம் கமிட்டி வந்தது.
நூற்றிருபது அடிக்கும் ஊரின் பெருமை வேண்டுமாம்.
புதுச்சேரியிலிருந்து இரண்டு பிள்ளைகள்,
சாரம், ரோலர், கைப்பேசி நிறையப் படங்கள்.
தலைப்பு எழுத நான், தினக்கூலிக்கு.

எது எங்கே என்று ஒரு வாரம் பேச்சு.
மாசிமகத்துக்குக் கடலாட வரும் சாமிகள்
கிழக்கு மூலையில் என்றார் பூங்காவனம்.
அப்படியானால் சந்தனக்கூடும் பக்கத்தில் என்றார் ஹபிபுல்லா.
மாதா தேரை மறந்துவிடாதீர்கள் என்றது பின்வரிசை.
எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது,
சுவர் நீளம்தானே.
ஆற்றோரத்து ஆள் ஒருவர் எழுந்து
'உப்பனாற்றுக்கு என்ன கலர் அடிப்பீங்க?' என்றார்.
டப்பாக்களைப் பார்த்தார்கள்.
டீ வந்தது.

மீன் வரைந்த அன்று அஞ்சலாட்சி கூடையை இறக்கினாள்.
ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, சிரித்த வாய்.
'இது எந்த ஊட்டுப் புள்ள?'
'மீன்தான்க்கா.'
'எந்தத் தெருவுல வித்தீங்க இத?'

ஏலக்காரர் தனவேல் குறுக்கே வந்தார்:
'வஞ்சிரமா போடு தம்பி, அதான் மரியாதை.'
'வஞ்சிரம் லாரி ஏறிப் போச்சு.
நாம தின்னது கவல.
நம்ம புள்ளைங்க வளந்ததும் கவலையில.'
சிரித்தார்கள்.
அவள் மீனைச் சொன்னாளா என்று
பாதிப்பேர் சிரிப்பை நடுவில் நிறுத்தினார்கள்.

ஆரஞ்சு அழிந்தது.
விரல் நீளத்தில் கவலை, கவலைமேல் கவலை,
மூன்று நாள், வெள்ளிப் பெயின்ட் தீரும் வரைக்கும்.
கண் வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.
எண்ணிக்கொண்டே வைத்தேன், எண்ணூற்றுப் பதினொன்று.

கதவுக்கு இடப்புறம் ஆறடியில்தான் வம்பு.
விடியற்காலை நாலரைக்கு ஐஸுக்கு வரும் பெண்கள்
சாய்ந்து நிற்கும் இடம் அது.
தேங்காயெண்ணெய், வியர்வை, கூடையின் ஈரம்,
முதுகுகள் தேய்த்துத் தேய்த்துக்
குழவிக்கல்லாய் வழவழத்துக் கிடந்தது.
உப்புத்தாள் போட்டார்கள். பிரைமர் இரண்டு கோட்.
மூன்றாம் நாள் காலையில் தோணியின் முன்பாதி
தோசைபோல உரிந்து தரையில்.
இன்னொரு முறை அடித்தார்கள்,
இன்னொரு முறை உரிந்தது.
'நாங்க வேற எங்கியாச்சும் சாயட்டுமா?' என்று கேட்டாள் லூர்துமேரி.
நிஜமாகவே கேட்டாள், கிண்டல் இல்லை.
பெரிய பிள்ளை வெகுநேரம் சுவரைத் தடவிப் பார்த்தது.
அப்புறம் தோணியை நாலடி தள்ளிக் கட்டியது.
ஆறடி அப்படியே நின்றது,
பழுப்பாக, தோள் உயரத்தில் மினுங்கிக்கொண்டு.

திறப்புக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள்.
நீல வானத்தின் நடுவில், நாரைகளுக்குக் கீழே,
இளஞ்சிவப்பாக ஏதோ ஊறி வந்திருந்தது.
சிவப்பு எனாமல் அப்படித்தான்,
எத்தனை வெள்ளை அடித்தாலும் மேலே வரும்.
'அசுத்தம்' மங்கல். 'மீறினால்' பரவாயில்லை.
'தன்டனை' மட்டும் பளிச்.

'இதுக்கு மேல நீலம் அடிச்சிருங்கண்ணே.'
ஏறினேன். நீல டப்பா இடதுகையில்.
கண்ணுக்கு நேரே என் பழைய கை, என் பழைய பிழை.
பையில் கொஞ்சம் சிவப்பு இருந்தது,
படகு நம்பருக்கு வைத்திருந்தது.
இடம் போதவில்லை,
நெருக்கித்தான் போட்டேன்
விட்டுப்போன அந்த ஒரு சுழியை.
பிறகுதான் நீலம்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
கீழே அஞ்சலாட்சி ஆறடியில் சாய்ந்து
கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.
'என்னத்த எழுதின மேல?'
'ஒண்ணுமில்ல' என்றேன்.
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்,
ஐஸ் இன்னும் உறையவில்லை.