நகமளவு

மின்மானியைப் படமெடுக்கப் போனபோது
போன் மறுத்தது: இடமில்லை.
இரவு ஒன்பதே முக்கால். காலையில்
அனெக்ஸ் திறப்பைக் கையில் கொடுக்க வேண்டும்.

பாத்ரூம் சுவரில் ஊறல் கறையாம்,
அட்வான்ஸில் நாற்பதாயிரம் கழிப்பாராம்
குலவீரசிங்கம் அங்கிள்.
நான் வந்த அன்றே இருந்த கறை அது.
"அப்ப படம் இருக்கோ பிள்ளை?"
இருந்தது.
போன வருஷம் இடம் போதாமல் அழித்தேன்.

சரியென்று வெறும் நிலத்தில் உட்கார்ந்து
கூட்டத் தொடங்கினேன்.
சாமான் எல்லாம் மத்தியானமே தெஹிவளைக்குப் போய்விட்டது.
மிச்சம் ஒரு தும்புத்தடியும், சார்ஜரும், நானும்.

எப்போதோ அழித்த ஆப்கள்
வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றாமலே போயிருந்தன.
ஒரு டாக்ஸி ஆப், கம்பனியையே இழுத்து மூடிவிட்டார்கள்,
அதன் கோப்புறைக்குள் இன்னும்
ஹம்டன் லேனில் தொடங்கி
பொரளைக்கு முன்பே அறுந்துபோகிற ஒரு நீலக் கோடு.
அன்றைக்கு எதற்குப் பொரளை போனேன்?

மின்வெட்டு அட்டவணை, பதினேழு பிரதி.
ஒவ்வொரு முறையும் புதிதாய் இறக்கியிருக்கிறேன்.
அந்த நாட்களில் இருட்டைக்கூட
டவுன்லோட் பண்ணித்தான் பார்த்தோம்.

பெற்றோல் கியூஆர்.
ஸ்கூட்டியை விற்று இரண்டு வருஷம்;
கட்டம் கட்டமாய் அது மட்டும்
வரிசையில் நின்றுகொண்டே இருக்கிறது.

ரோஜாக்கள். அம்மாடி, ரோஜாக்கள்.
டொரொன்டோவில் மாமிக்கு விடியும்போது
இங்கே கடைகள் ஷட்டர் இறக்கும்;
அவ அனுப்பிய காலை வணக்கம் ஆயிரத்துச் சொச்சம்.
அதில் சிலதை மனேஜருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன்,
அந்தப் பிரதிகள் தனிக் கணக்கு.

இவ்வளவையும் அழித்தும் ஒரு ஜிபி தேறவில்லை.
போன் இன்னும் அதே பல்லவி.
லிபர்ட்டி பிளாசாவில் கண்ணாடி மாற்றித் தந்த இஸ்ஸத்
ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது:
"அக்கா, நீங்க படத்தத்தான் அழிக்கிறீங்க.
அதுட நகம் உள்ளுக்கயே கிடக்கும்.
புள்ளி வெச்ச ஃபோல்டர், மறைஞ்சிரிக்கும், தேடிப் பாருங்க."

தேடினேன்.
மெரின் டிரைவ் பக்கம் ரயில் போய் ஜன்னல் அதிர்ந்தது.
அழித்ததெல்லாம் அங்கே, நகம் நகமாய்.
கிடைக்காத விசாவுக்கு எடுத்த என் முகம், எட்டுத் தடவை.
கூட இருந்த ரெஜினோல்டாவின் பிளவுஸ் அளவுத் துண்டு.
ஒரே இரவில் இருநூற்றுப் பதினொன்றாய் நான் அழித்த ஒருவன்,
சட்டையின் நிறம் தெரிகிறது,
சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

அவனுக்குக் கீழே
சுவர்.
வந்த அன்றைய தேதியோடு.
விரல்களால் விரித்துப் பார்த்தேன்:
கறை நான்கு மண்ணிறச் சதுரமாயிற்று.
அப்படியே அங்கிளுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலச் சரி. நெடுநேரம் டைப் பண்ணினார்.
"என்ன பிள்ளை இது, பிளேன்ரீயோ?"
தேதியைப் பாருங்கோ என்றேன்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, "சரி, இருபது."

மேலே பேரம் பேசப் பற்றரி இல்லை, பதினொரு வீதம்.
அந்த ஒரு நகத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு
மிச்சத்தை மொத்தமாய்த் தொட்டேன்.
அவனை அழிப்பது இது இரண்டாம் தடவை;
இந்தத் தடவை நேரம் எடுக்கவில்லை.

'நான்கு ஜிபி விடுவிக்கப்பட்டது.'
செய்தியில் காணிகளுக்குச் சொல்கிற அதே சொல்.
அங்கேயும் கம்பி வேலியைச் சுருட்டிய பிறகு
யார் யாருடைய நகம் கிடக்கிறதோ.

எழுந்து போய் மின்மானியை எடுத்தேன்,
ஒழுகாத குழாயை, உடையாத கண்ணாடியை எடுத்தேன்.
சுவரை ஃப்ளாஷ் போட்டு இரண்டு தரம்.
கறை கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கிறது.
அதை அங்கிளுக்குச் சொல்லப்போவதில்லை.